வெளியே வராத இளவரசர்கள்: 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் கைவிடப்பட்ட பதிப்புகள் எங்கே போயின?

2026 ஜனவரி 21. பிரான்ஸ் நாட்டு கேம் நிறுவனமான யூபிசாஃப்ட், ஒரே நாளில் ஆறு கேம்களை நிறுத்துவதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை வெளியில் யாருக்கும் பெயர்கூடத் தெரியாதவை. உலகமே அறிந்த பெயர் ஒன்றுதான்: 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சேண்ட்ஸ் ஆஃப் டைம்' ரீமேக். 2020-ல் டிரெய்லர் வந்து, தேதி குறித்து, காசு வாங்கி, தேதி தள்ளி, காசைத் திருப்பிக் கொடுத்து, கடைசியில் கைகழுவப்பட்ட கேம்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. அந்த ரீமேக்கைத் தொடங்கியது புனேயிலும் மும்பையிலும் இருக்கும் ஸ்டூடியோக்கள். உலகப் புகழ்பெற்ற ஒரு கேம் தொடரை இந்தியாவில் இருந்து தலைமை ஏற்றுச் செய்ய அவர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு அது. அவர்கள் வரைந்தது, செதுக்கியது, அசைத்துப் பார்த்தது எதுவும் இனி நம் கைக்கு வராது.

இளவரசனை யாருக்குத் தெரியாது? 90-களில் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் டாஸ் திரையில் வெள்ளை உடுப்போடு ஓடி, தரையில் முளைக்கும் ஈட்டியில் குத்துப்பட்டுச் செத்தது அவன்தான். ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியைக் காப்பாற்றியாக வேண்டும். அதற்குள் பீரியட் முடிந்துவிடும். 2003-க்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் சுவரில் ஓடி, கத்தியால் காலத்தைப் பின்னோக்கிச் சுருட்டியதும் அவனேதான். அந்த 2003 கேமின் கதை தொடங்குவதே இந்தியாவில், ஒரு மகாராஜாவின் அரண்மனைக் கொள்ளையில். நாயகி ஃபாரா அந்த மகாராஜாவின் மகள்.

சரி, கான்செப்ட் ஆர்ட் என்றால் என்ன?

ஒரு கேமை உருவாக்கத் தொடங்கும் முன், அது எப்படித் தெரியப் போகிறது என்று வரைந்து பார்க்கும் படங்கள். அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய பஞ்சாயத்தே நடக்கும்.

ஒரு பேச்சுக்கு, அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழிக்குத் தப்பி ஓடும் ஒருவனைப் பற்றி கேம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் முதலில் மூன்று படம் வரைவார். ஒன்று, சித்திரை மாதத்து மதியம் மூன்று மணி: வெடித்துக் கிடக்கும் கரிசல், ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், தூரத்தில் ஒற்றைப் பனை, ஒதுங்க நிழலே இல்லை. இரண்டாவது, ஐப்பசி முடிந்த நேரம்: கண்மாய் நிறைந்து, மடையில் தண்ணீர் ஓடி, கொக்கு நிற்கிறது. மூன்றாவது, ராத்திரி: குண்டாற்று மணலில் நிலா வெளிச்சம், அந்தப் பக்கம் திருச்சுழி கோயில் கோபுரம்.

மூன்றும் ஒரே ஊர்தான். ஆனால் மூன்றும் வேற வேற கேம். முதல் படத்தில் வெயில்தான் வில்லன். தாகம் தாங்காமல் ஓட வேண்டியிருக்கும். இரண்டாவதில் ஒளிய இடம் உண்டு. மூன்றாவதில் பயம்தான் கேமே. டைரக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டும் அந்த நிமிடமே 'கைவிடப்பட்ட பதிப்பு' ஆகிவிடும்.

அடுத்த சிக்கல் மரத்தில் வரும். சீமைக்கருவேல இலை பொடிப்பொடியானது. படத்தில் தூரிகையை நாலு தட்டுத் தட்டினால் மரம் வந்துவிடும். கேமுக்குள் ஒவ்வொரு இலையையும் தனித்தனி வடிவமாகச் செய்தால் எந்த போனும் தாங்காது. அதனால் ஒரு இலைக்கொத்தைத் தட்டையான படமாக்கி, கிளையில் அட்டை மாதிரி ஒட்டுவார்கள். அப்படி நாலைந்து மரம் செய்து, அதையே திருப்பித் திருப்பி ஆயிரம் இடத்தில் நடுவார்கள். வெளிச்சத்தையும் குறைப்பார்கள். கடைசியில் விளையாடுகிறவர், 'படத்துல இருந்த அந்த வெயில் எங்கே?' என்று கேட்பார். அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் வரைந்த மயில் வேறு, இத்தனை இழைதான் என்ற கணக்குக்குள் சேலையில் வந்து உட்காரும் மயில் வேறு.

அதனால் கான்செப்ட் ஆர்ட்டைக் காட்டி 'இவ்ளோ அழகா வரைஞ்சிட்டு இப்படியா எடுப்பாங்க' என்று திட்டும் பதிவுகளைப் பார்த்தால் ஒன்றை நினைவில் வைக்கலாம். வரைந்தவர் வேறு, வெட்டியவர் வேறு. பெரும்பாலும் வெட்டியது நேரமும் பட்ஜெட்டும்.

முதல் இளவரசன் சண்டை போடாதவன்

1989-ல் வந்த முதல் கேமை வடிவமைத்து, கோடிங்கும் எழுதியவர் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதை ஃபிரேம் ஃபிரேமாகத் திரையில் நகல் எடுத்தார். இளவரசனின் நடையில் இருந்த அந்த மனுஷத்தனம் அப்படி வந்ததுதான். இசை அவருடைய அப்பா.

மெக்னரின் ஆரம்பத் திட்டத்தில் வாள் சண்டையே கிடையாது. ஓட்டம், தாவல், பொறி, அவ்வளவுதான். ஆனால் விளையாடிப் பார்த்தால் சப்பென்று இருந்தது. எதிரியைச் சேர்க்கலாம் என்றால் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இடம் இல்லை. கடைசியில் இளவரசனின் படங்களையே கொஞ்சம் மாற்றி, நிழல் மாதிரி மின்னும் ஒரு உருவத்தை உண்டாக்கினார்கள். கண்ணாடிக்குள் இருந்து தாவி வெளியே வந்து நம்மையே எதிர்க்கும் அந்த நிழல் மனிதன், இடம் இல்லாத குறையில் பிறந்தவன். பிறகு இடத்தை மிச்சம் பிடித்து வாள் சண்டையும் வந்தது.

இதெல்லாம் இன்று நமக்கு எப்படித் தெரியும்? மெக்னர் அந்த ஆண்டுகளில் தினமும் டைரி எழுதினார். அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். பல வருடமாகக் காணாமல் போயிருந்த கேமின் மூல நிரல், 2012-ல் அவருடைய அப்பா வீட்டில் ஒரு பெட்டிக்குள் ஃபிளாப்பிகளாகக் கிடைத்தது. அதை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார். தனி ஆள் செய்த கேம் என்பதால் இது முடிந்தது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரசிகர்களைக் கடுப்பேற்றிய இரண்டாம் பாகம்

2003-ல் யூபிசாஃப்டின் மான்ட்ரியல் ஸ்டூடியோ, மெக்னரையும் சேர்த்துக்கொண்டு 'சேண்ட்ஸ் ஆஃப் டைம்' எடுத்தது. ஆயிரத்தொரு இரவுகள் பாணியில் ஒரு மாயக்கதை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள்.

அடுத்த ஆண்டே வந்தது 'வாரியர் வித்தின்'. கனவு மாதிரி இருந்த அரண்மனை போய் இருட்டும் துருவும் வந்தது. பின்னணியில் ஹெவி மெட்டல். இளவரசனின் குரலே மாறியிருந்தது. எப்போது பார்த்தாலும் முறைப்பு. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், முதல் பாகத்தில் காதல் கவிதை சொன்ன ஹீரோ ரெண்டாம் பாகத்தில் அரிவாளோடு வந்து நின்ற மாதிரி. கேமாக அது மோசமில்லை. துரத்தும் பூதம் தஹாகா இன்றைக்கும் பலருக்குக் கெட்ட கனவில் வரும். ஆனாலும் முதல் பாகத்தை நேசித்தவர்களுக்கு அது ஏமாற்றம். அதன் கலைப் பாணியும் வன்முறையும் தனக்குப் பிடிக்கவில்லை என்று மெக்னரே வெளிப்படையாகச் சொன்னார்.

சுவாரஸ்யம் என்னவென்றால், அதே சமயம் அதே ஊரில் இன்னொரு தொடர்ச்சியும் தயாராகிக்கொண்டிருந்தது. 'சேண்ட்ஸ் ஆஃப் டைம்' படைப்புத் தலைவரான பாட்ரிஸ் டெசிலேவிடம், அடுத்த தலைமுறைக் கன்சோல்களுக்கு ஒரு இளவரசன் கேம் கேட்டிருந்தது நிறுவனம். அவருக்கு ஒரு சந்தேகம். இளவரசன் என்றால் யார்? அப்பா செத்தால் அரியணை ஏறலாம் என்று காத்திருப்பவன். அவனுக்கு என்ன சாகசம் இருக்கிறது? அதனால் இளவரசனை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அவனைப் பாதுகாக்கும் ஒரு கொலையாளியை நாயகன் ஆக்கினார். பாரசீகத்து அலமூத் கோட்டையின் ஹசன் சப்பாவும் அவருடைய ரகசியக் கூட்டமும் அதற்கு விதை. திட்டத்தின் பெயர் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: அசாசின்'.

இளவரசன் பெயரில் ஒரு கேம், அதில் ஹீரோ இளவரசன் இல்லையா? நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. பெயரை வெட்டினார்கள், இளவரசனையே வெட்டினார்கள். மிச்சம் இருந்த முக்காடு போட்ட கொலையாளி 2007-ல் 'அசாசின்ஸ் கிரீட்' ஆக வெளியே வந்தான். கைவிடப்பட்ட ஒரு பதிப்புதான் இன்று யூபிசாஃப்டுக்குச் சோறு போடும் தொடர். அந்தப் பழைய முன்மாதிரியின் வீடியோவை இப்போதும் பார்க்கலாம். வெள்ளை முக்காடுக்காரன் பக்கத்தில் ஒரு இளவரசன் பாவமாக நடந்து வருவான்.

மூன்றாம் பாகமும் நேர்வழியில் வரவில்லை. 2005-ல் இ3 கண்காட்சியில் 'கிண்ட்ரெட் பிளேட்ஸ்' என்று காட்டப்பட்டது, அந்த ஆண்டு கடைசியில் 'தி டூ த்ரோன்ஸ்' என்று வேறு முகத்தோடு வந்தது. பழைய குரலும் ஃபாராவும் திரும்பினார்கள். ரசிகர்களின் கோபத்துக்குக் கிடைத்த பலன் என்று தாராளமாகச் சொல்லலாம். 2008-ல் ஓவியம் மாதிரி தெரியும் புது இளவரசன் வந்தான். கதை பாதியில் நின்றது.

அப்புறம் 'ரிடெம்ப்ஷன்'. 2012-ல் யாரோ யூடியூபில் ஏற்றிவிட்ட ஒரு வீடியோ. எட்டு வருடம் ஒருவரும் சீந்தவில்லை. 2020-ல் ஒரு ரசிகர் கண்ணில் பட, இணையமே அதிர்ந்தது. இடிந்து விழும் நகரத்தில் இளவரசன் ஓடுகிறான், அசைவு அவ்வளவு நேர்த்தி. ஆனால் அது விளையாடக்கூடிய கேம் அல்ல. 'இப்படி ஒன்று எடுக்கலாமா?' என்று கம்பெனிக்குள்ளே காட்டச் செய்த மாதிரி வீடியோ. 'மருதநாயகம்' முன்னோட்டக் காட்சிகளைப் பார்த்துவிட்டு 'படம் மட்டும் வந்திருந்தா…' என்று பெருமூச்சு விடுகிறோமே, அதே கேஸ்தான்.

புனேக்கு வந்த கேம்

யூபிசாஃப்ட் புனே 2008-ல் உருவானது. அதற்கு முன் அது கேம்லாஃப்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஸ்டூடியோ. மும்பைக் கிளை 2018-ல் திறக்கப்பட்டது. பெரும்பாலும் வெளிநாட்டுக் குழுக்களின் கேம்களுக்குத் துணை வேலை பார்த்துவந்தவர்கள். அவர்கள் கையில்தான் 'சேண்ட்ஸ் ஆஃப் டைம்' ரீமேக் வந்தது.

2020 செப்டம்பர் 10-ல் டிரெய்லர். பழைய இளவரசனின் குரல் யூரி லோவென்தால் திரும்பியிருந்தார். ஃபாராவாக இந்திய வம்சாவளி கனடிய நடிகை சுபிந்தர் வ்ரைச். நடிகர்களின் அசைவுகளைப் புதிதாகப் பதிவு செய்திருந்தார்கள். விலை 40 டாலர். அப்போது பெரிய கேம்கள் 60 டாலருக்கு விற்றன. இந்த விலையே, நிறுவனம் இதை எந்த அளவு பட்ஜெட்டில் யோசித்தது என்பதைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கிறது.

டிரெய்லர் வந்த சில மணி நேரத்தில் மீம்ஸ் பறந்தன. முகங்கள் பொம்மை மாதிரி, வெளிச்சம் தட்டை, 'ரெண்டு தலைமுறை பழைய கேம் மாதிரி இருக்கே' என்று வறுத்தெடுத்தார்கள். மாயக்கதை உணர்வுக்காக வேண்டுமென்றே எடுத்த பாணி இது என்று குழு விளக்கம் சொன்னது. யாரும் கேட்கிற மனநிலையில் இல்லை. 'இந்தியாவுக்குக் கொடுத்தா இப்படித்தான்' என்ற ரக கமென்ட்டுகளுக்கும் குறைவில்லை.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. 2003 கேமில் எல்லாவற்றின் மேலும் பனி படர்ந்த மாதிரி ஒரு மினுமினுப்பு இருக்கும். அது அழகுக்கு மட்டுமில்லை; அன்றைய கன்சோலின் குறைவான விவரங்களை அது மூடி மறைத்தது. சுவரில் என்ன இல்லையோ அதை நம் கற்பனை நிரப்பிக்கொண்டது. அதே அறையை நவீன எஞ்சினில் பளிச்சென்ற வெளிச்சத்தில் கொண்டு வந்தால், காலி இடமெல்லாம் காலியாகவே தெரியும். ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்து நிரப்ப வேண்டும். அதற்கு மேல், பார்ப்பவர்கள் ஒப்பிடுவது 2003 கேமோடு அல்ல, 2003-ல் தாங்கள் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் கேமோடு. அதை எந்த ஸ்டூடியோவால் ஜெயிக்க முடியும்?

2021 ஜனவரி 21 என்றிருந்த ரிலீஸ் மார்ச் 18-க்குத் தள்ளிப்போனது. பிப்ரவரியில் தேதியே இல்லாமல் போனது. 2022 மே மாதம் வேலை புனே, மும்பையிடம் இருந்து எடுக்கப்பட்டு மான்ட்ரியலுக்குப் போனது. முன்பதிவு செய்தவர்களுக்குப் பணம் திரும்பியது. மான்ட்ரியல் கிட்டத்தட்ட முதலில் இருந்து தொடங்கியது. 2024 ஜூனில் ஒரு மெழுகுவர்த்தி எரியும் டீசரும் '2026' என்ற எண்ணும் வந்தன. 2026 பிறந்து மூன்று வாரத்தில் மெழுகுவர்த்தி அணைந்தது. எதிர்பார்த்த தரத்தை எட்ட முடியவில்லை, தொடர இன்னும் நேரமும் முதலீடும் ஆகும் என்பது நிறுவனம் சொன்ன காரணம்.

கவனித்தால், செத்தது ஒரு கேம் அல்ல, இரண்டு. புனேயில் ஒன்று, மான்ட்ரியலில் ஒன்று. மூலக் கேமை எடுத்த அதே மான்ட்ரியல், மூன்றரை வருடத்துக்கு மேல் வைத்திருந்தும் முடிக்க முடியவில்லை. 2020-ல் பழியைத் தூக்கி இந்தியாவின் மேல் போட்டவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

வரைந்தவர் கையில் என்ன மிச்சம்?

கேம் துறையில் வேலை தேட டிகிரி சர்டிஃபிகேட்டைவிட முக்கியம் போர்ட்ஃபோலியோ. 'இந்தக் கோபுரம் நான் செஞ்சது, இந்தப் பாலம் நான் வரைஞ்சது' என்று காட்ட வேண்டும். கேம் வெளியான பிறகு கலைஞர்கள் ஆர்ட்ஸ்டேஷன் போன்ற தளங்களில் தங்கள் படங்களைப் போடுவார்கள். நாம் ரசிக்கும் கான்செப்ட் ஆர்ட் பெரும்பாலும் அங்கே இருந்து வருவதுதான்.

கேம் வெளியாகாவிட்டால்? வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட என்.டி.ஏ. இருக்கிறது. (அரசியல் கூட்டணி இல்லை, ரகசியம் காப்பதற்கான ஒப்பந்தம்.) நிறுவனம் அனுமதிக்காதவரை ஒரு ஸ்கெட்ச்கூட வெளியே போகக் கூடாது. கேமின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலும் இல்லை, ஏனென்றால் கேமே இல்லை. இரண்டு, மூன்று வருட உழைப்பு ரெஸ்யூமில் 'அறிவிக்கப்படாத புராஜெக்ட்' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். புனேக்காரர்களுக்கு அந்த ஒற்றை வரிக்குப் பதில் ஒரு பிரபலமான பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைக் கூகுளில் தேடினால் முதலில் வருவது மீம்ஸ்.

மதுரையிலோ சென்னையிலோ அனிமேஷன் கோர்ஸ் முடித்துவிட்டு பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று கிளம்பும் நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. வெளிநாட்டு கேம்களுக்கு மரம், பாறை, கதவு, செருப்பு என்று துண்டு துண்டாகச் செய்து அனுப்பும் வேலைதான் பலருக்கும் முதலில் கிடைக்கும். ஐ.டி. வேலை என்றால் வீட்டில் புரியும். 'நீ என்னப்பா செய்ற?' என்று அப்பா கேட்டால் போனைத் திறந்து காட்ட ஒரு படமாவது வேண்டாமா?

நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கைவிட்ட யோசனை நாளைக்கு வேறு கேமில் உதவலாம். 'அசாசின்ஸ் கிரீட்' அப்படித்தானே வந்தது. ஆனால் ஐந்து வருடம், பத்து வருடம் கழித்தாவது செய்தவர்களின் பெயரோடு வெளியே விடலாம். அதற்கு பெரிய செலவு எதுவும் இல்லை. அந்த வழக்கத்தை ஒரு விதியாக எந்தப் பெரிய நிறுவனமும் இன்னும் கொண்டு வரவில்லை என்பதுதான் பிரச்னை.

திறந்து வைத்துக் கேம் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே தொடரில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஈவில் எம்பயர் என்ற பிரெஞ்சு ஸ்டூடியோ எடுத்த 'தி ரோக் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', 2024 மே மாதம் பாதி முடிந்த நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. அதில் இளவரசனின் தோல் ஊதா நிறம்! சிலருக்குப் பிடித்தது, பலர் 'யாருப்பா இது?' என்றார்கள். அதே ஆண்டு பிற்பகுதியில் வந்த அப்டேட்டில் கலைப் பாணியையே மாற்றி, ஊதா இளவரசனுக்கு விடை கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் முழு கேம் வெளியானது. அங்கேயும் ஒரு பதிப்பு கைவிடப்பட்டது. ஆனால் அதை ஆயிரக்கணக்கானவர்கள் விளையாடியிருந்தார்கள், வீடியோ எடுத்து வைத்திருந்தார்கள்.

இப்போது தேடினால் எதையெல்லாம் பார்க்கலாம்? மெக்னரின் டைரியும் 1989 நிரலும் கிடைக்கும். தம்பி குதிக்கும் அந்தப் பழைய வீடியோகூட இருக்கிறது. 'அசாசின்' முன்மாதிரியும் 'ரிடெம்ப்ஷன்' வீடியோவும் யூடியூபில் உண்டு. ஊதா இளவரசனும் கிடைப்பான். புனே, மும்பைக் குழு மறுபடி கட்டிய அரண்மனையில் நமக்கு மிஞ்சியிருப்பது 2020-ல் எல்லோரும் சிரித்த அந்த டிரெய்லரும், அதோடு வந்த சில ஸ்கிரீன்ஷாட்டுகளும்தான்.